சிக்லிட் தொட்டியில் முதலில் மணலா, கல்லா?

உங்கள் கேள்வியைச் சுருக்கி எழுதிக்கொள்கிறேன். 120 செ.மீ. நீளம், 45 செ.மீ. அகலம், 50 செ.மீ. உயரத்தில் ஒரு தொட்டி வாங்கியிருக்கிறீர்கள். ஆப்பிரிக்காவின் மலாவி ஏரியில் பாறைகளிடையே வாழும் ம்புனா வகை சிக்லிட் மீன்களை விடப் போகிறீர்கள். மணலைப் பரப்பி அதன்மேல் கல் அடுக்குவதா, கல்லை அடுக்கிவிட்டு மணல் கொட்டுவதா, கல்லின் கனத்தில் அடிக்கண்ணாடி உடைந்துவிடுமா என்று கேட்கிறீர்கள். சுண்ணாம்புக்கல் போட்டால் பிஎச் (நீர் அமிலமா காரமா என்று காட்டும் எண்) தானாகவே ஏறிவிடும் என்று யாரோ சொன்னதையும் கடைசியில் சேர்த்திருக்கிறீர்கள். கேள்வி நான்கானாலும் உங்கள் பயம் ஒன்றுதான் என்று நினைக்கிறேன்: இந்த மீன்கள் தோண்டிக்கொண்டே இருக்குமாமே, நான் கட்டியது நிற்குமா? அதற்கே முதலில் பதில் சொல்கிறேன். மற்றவை அதிலிருந்து வந்துவிடும்.

நான் படித்தது நிலவியல். அதனால் கல், மணல் பற்றிப் பேசும்போது கொஞ்சம் தைரியமாகவே பேசுவேன். மலாவி மீன்கள் என்னிடம் 18 வருடமாக இருக்கின்றன. டாங்கனிக்கா ஏரியின் சங்குவாழ் மீன்கள் ஒரு சிறு தொட்டியில் ஆறு வருடம் இருந்தன. தென் அமெரிக்காவின் பெரிய சிக்லிட்டுகளை நான் வளர்த்ததில்லை, நண்பர்களின் தொட்டிகளில் பார்த்ததோடு சரி. அவற்றைப் பற்றிக் கீழே சொல்வதை அந்த அளவுக்கு எடுத்துக்கொள்ளுங்கள்.

கல் முதலில், மணல் பிறகு. இதில் எனக்கு ஐயமே இல்லை. இப்படி அடித்துச் சொல்லக் காரணம் என் இரண்டாம் வருடத்தில் நடந்த ஒன்று. அப்போது 8 செ.மீ. மணல் பரப்பி, அதன்மேல் தட்டைக் கற்களைக் கோபுரம் மாதிரி அடுக்கியிருந்தேன். பார்க்க அழகாகவே இருந்தது. அடிக்கல்லின் ஒரு மூலையைத் தன் இடமாகப் பிடித்துக்கொண்ட ஆண் மீன் ஒன்று, வாய் வாயாக மணலை அள்ளி அப்பால் துப்பிக்கொண்டிருந்தது. பத்து நாளில் அந்த மூலைக்கு அடியில் கைப்பிடி அளவு பள்ளம். ஒரு நாள் பின்னிரவில் ‘டொக்’ என்று ஒரு சத்தம். விளக்கைப் போட்டுப் பார்த்தால் மேல்கல் சரிந்து முன்கண்ணாடியில் சாய்ந்து நிற்கிறது. வாயில் முட்டைகளோடு இருந்த பெண் மீன் ஒன்று (இவை முட்டைகளை வாயில் வைத்தே பொரிப்பவை) அடியில் நசுங்கிப் போயிருந்தது. கண்ணாடியில் நகம் அளவு சில்லு பெயர்ந்ததோடு தப்பித்தது. தோண்டிய மீனைக் குறை சொல்ல முடியுமா? அது அதன் வேலையைச் செய்தது. மணலை நம்பிக் கட்டியவன் நான்.

சிக்லிட்டுகள் தோண்டுவதற்குப் பல காரணங்கள் உண்டு. இரை தேடித் தோண்டும், முட்டையிடக் குழி பறிக்கும், பொந்தை அகலப்படுத்தும், எல்லை குறிக்கும். தென் அமெரிக்காவின் ஒரு பேரினத்துக்கு ஜியோஃபேகஸ் என்றே பெயர். கிரேக்கத்தில் மண் தின்னி என்று பொருள். ம்புனா என்ற சொல்லோ மலாவிக் கரையில் வாழும் டோங்கா மக்களின் பேச்சில் பாறைமீன் என்பதைக் குறிக்கும். பெயரில் பாறை இருப்பதால் மணலைத் தொடாது என்று நினைத்துவிடாதீர்கள். என் தொட்டிகளில் மணல் ஒரு மாதம்கூடச் சமமாக இருந்ததில்லை. வலப்பக்கம் மேடு, இடப்பக்கம் வெறும் கண்ணாடி, அடுத்த வாரம் மாறி இருக்கும். ஆரம்பத்தில் நிரவிக்கொண்டே இருந்தேன், பிறகு விட்டுவிட்டேன். அதனால் கட்டும்போதே ஒன்றை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்: தொட்டியில் மணல் ஒரு துளிகூட இல்லாமல் போனாலும் ஒரு கல் அசையக் கூடாது. அப்படிக் கட்டி முடித்துவிட்டால் மணலை மீனின் விருப்பத்துக்கு விட்டுவிடலாம்.

இனி கண்ணாடி. கல்லின் மொத்த எடை பலரும் பயப்படுகிற அளவுக்குப் பெரிய விஷயம் இல்லை. கருங்கல்லின் அடர்த்தி நீரைப் போல 2.6 மடங்கு. 60 கிலோ கல் வைத்தால் அது 23 லிட்டர் நீரின் இடத்தை எடுத்துக்கொள்ளும், ஆகவே மேசைக்குக் கூடுதலாக வருவது 37 கிலோதான். தொட்டி தாங்கும் 250 கிலோ நீருக்கு முன்னால் அது சிறிது. கவனிக்க வேண்டியது கனம் எவ்வளவு சிறிய இடத்தில் விழுகிறது என்பதை. 50 செ.மீ. ஆழ நீர் அடிக்கண்ணாடியின் ஒவ்வொரு சதுர செ.மீ. மேலும் 50 கிராம் எடையை வைக்கிறது. 14 கிலோ கல் ஒன்று நீருக்குள் ஏறக்குறைய 9 கிலோ கனக்கும். அது ஒரு சதுர செ.மீ. முனையில் நின்றால் அந்த இடத்தில் மட்டும் நீரைப் போல 170 மடங்குக்கு மேல் அழுத்தம். அதற்காக உடனே உடைந்துவிடும் என்றில்லை, அசையாமல் இருக்கும் சுமையைக் கண்ணாடி நன்றாகவே தாங்கும். அதற்கு ஆகாதவை வளைவும் அடியும். கல் கையிலிருந்து நழுவி விழுவதும், அடுக்கு சரிவதும்தான் நான் பார்த்த உடைசல்களுக்குக் காரணம். இன்னொன்று, கல்லுக்கும் கண்ணாடிக்கும் நடுவில் மாட்டிக்கொள்ளும் ஒற்றை மணல் துகள். குவார்ட்ஸ் கண்ணாடியைவிடக் கடினமானது, அழுத்தினால் கீறும். கல்லை வைக்கும்போது அடிக்கண்ணாடி துடைத்துச் சுத்தமாக இருக்கட்டும்.

உங்கள் தொட்டி எந்த வகை என்றும் பார்த்துக்கொள்ளுங்கள். அடியில் சட்டம் (ஃபிரேம்) இல்லாத தொட்டியில் அடிக்கண்ணாடி முழுவதும் கீழே உள்ள மேசைமேல் படிந்திருக்கும், நடுவில் ஒரு மெல்லிய ஃபோம் விரிப்பு அல்லது தெர்மாகோல் போடுவார்கள். சட்டம் போட்ட தொட்டியில் ஓரங்கள் மட்டும் தாங்க, அடிக்கண்ணாடி அந்தரத்தில் நிற்கும். இரண்டாவது வகையில் பெரிய கல்லை நடுவில் வைப்பதைத் தவிர்த்து, ஓரங்களை ஒட்டிப் பிரித்து வைப்பேன்.

கல்லுக்கு அடியில் என்ன போடுவது என்பதில்தான் ஆளுக்கு ஒரு கருத்து. விளக்குகளுக்குக் கீழே மாட்டுகிற, கட்டம் போட்ட பிளாஸ்டிக் தட்டியை வெட்டிப் போடுவது பரவலான பழக்கம். எடையைப் பரப்பித் தருகிறது, கல் வழுக்காமல் பிடிக்கிறது, எல்லாம் சரி. ஆனால் மீன் மணலை விலக்கியதும் கட்டங்கள் வெளியே தெரியும், அந்தக் குழிகளில் எச்சம் போய்த் தங்கும். அதை எடுக்கக் கல்லை எல்லாம் தூக்க வேண்டியிருக்கும். நான் இப்போது மூன்று மில்லிமீட்டர் ஃபோம் பிவிசி தகட்டைக் கல்லின் அடிப்பரப்பை விடக் கொஞ்சம் சிறிதாக வெட்டி, கல்லுக்கு ஒன்றாக அடியில் வைக்கிறேன். வெளியே தெரியாது, மீன் கடிக்கவும் எட்டாது. தொட்டிக்குள் தெர்மாகோல் போடுவதை மட்டும் பரிந்துரைக்க மாட்டேன். விளிம்பு வெளிப்பட்டால் மீன்கள் கொத்திக் கொத்தி வெள்ளை மணிகளை மிதக்கவிடும். சரி, எதுவுமே போடாமல் நேராகக் கண்ணாடிமேல் வைத்தால்? பல வருடம் அப்படி வைத்தவர்கள் இருக்கிறார்கள், ஒன்றும் ஆகவில்லை. தகடு ஒரு காப்பு, கட்டாயம் இல்லை என்பதே என் எண்ணம்.

எந்தக் கல் என்பதற்கு வருவோம். கருங்கல், பசால்ட், நைஸ், குவார்ட்சைட், சிலேட்டு எல்லாமே நீரில் ஏறக்குறைய எதையும் கரைக்காதவை. ஆற்றுக் கற்கள் உருண்டையாக, மலாவிக் கரையின் பாறைகளைப் போலவே தோன்றும், ஆனால் அடுக்கும்போது உருண்டு பாடாய்ப்படுத்தும். தட்டைக் கற்கள் எளிதில் அடுக்க வரும், பார்ப்பதற்குத்தான் செங்கல் சூளை மாதிரி ஆகிவிடும். இரண்டையும் கலந்து, பெரிய உருண்டைகளை அடியில் வைத்து, தட்டைகளைப் பாலமாகப் போடுவது எனக்குப் பிடித்த வழி. எரிமலைக்கல் இலேசானது, துளைகள் நிறைய. ஆனால் விளிம்பு அரம் மாதிரி இருக்கும். ம்புனாக்கள் ஒன்றையொன்று துரத்தும்போது இடுக்கில் உரசிக்கொண்டு பாயும், அதனால் கூரான எதையும் நான் தவிர்ப்பேன். உடைந்த கல்லின் முனைகளைச் சுத்தியலால் தட்டி மழுக்கிக்கொள்ளலாம்.

தவிர்க்க வேண்டிய கற்களை அடையாளம் காண்பது கடினம் இல்லை. பொன் நிறத்தில் மின்னும் கனசதுரத் துணுக்குகள் பைரைட்டாக இருக்கக்கூடும். அது காற்றும் நீரும் பட்டுச் சிதையும்போது அமிலத்தையும் இரும்பையும் விடும். பச்சை, நீலக் கறைகள் செம்புத் தாதுவாக இருக்கலாம். இரண்டும் வேண்டாம். விரலால் தேய்த்தால் உதிரும் கல்லும் வேண்டாம். சுண்ணாம்பு இருக்கிறதா என்று பார்க்க வினிகர் விட்டுப் பார்க்கச் சொல்வார்கள். நுரைத்தால் கார்பனேட் நிச்சயம் உண்டு. நுரைக்கவில்லை என்றால் இல்லை என்று சொல்லிவிட முடியாது, ஏனென்றால் வினிகர் மிக மென்மையான அமிலம். டோலமைட் மாதிரி கல் அதற்கு அசைந்துகொடுக்காது. கல்லைக் கொஞ்சம் சுரண்டித் தூளாக்கி அந்தத் தூளின்மேல் விட்டால் ஓரளவு தெரியும். எங்கள் துறையில் நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலம் பயன்படுத்துவோம், ஆனால் இதற்காக வீட்டில் அதைக் கையாள வேண்டியதில்லை. கல்லை ஒரு வாளி நீரில் ஒரு வாரம் ஊறவிட்டு, முதல் நாளும் கடைசி நாளும் பிஎச்சும் கடினத்தன்மையும் பார்த்தால் போதும். சுத்தம் செய்யத் தேய்ப்புத் தூரிகையும் நீரும் வெயிலும் போதும். சோப்பு கூடாது. கல்லை வேகவைக்கவும் கூடாது, அடுப்பில் சூடாக்கவும் கூடாது. உள்ளே மாட்டிய ஈரம் ஆவியாகிக் கல் வெடித்துத் தெறிக்கலாம்.

சுண்ணாம்புக்கல் பிஎச்சை ஏற்றுமா? ஏற்றும், ஆனால் அதற்கு ஒரு உச்சவரம்பு உண்டு, வேகமும் இல்லை. தூய நீரில் சுண்ணாம்புக்கல்லின் முக்கியக் கனிமமான கால்சைட்டைப் போட்டு, காற்றோடு சமநிலைக்கு வரும்வரை விட்டால் பிஎச் ஏறக்குறைய 8.3-இல் நிற்கும். கார்பனேட் கடினத்தன்மையோ (நீரில் கரைந்த கார்பனேட் வகை உப்புகளின் அளவு, டிகிரியில் சொல்வார்கள்) கிட்டத்தட்ட 3 டிகிரியில் நின்றுவிடும். அதற்கு மேல் கல் கரையாது. மலாவி ஏரியின் கார்பனேட் கடினத்தன்மை 6, 7 டிகிரி. டாங்கனிக்காவுக்கு 18-க்குப் பக்கம். மீன்கள் விடும் கரியமில வாயுவால் தொட்டியில் கொஞ்சம் கூடுதலாகக் கரையும் என்பது உண்மைதான். ஆனால் பெரிய கல் ஒன்றின் மேற்பரப்பு குறைவு, நீங்கள் வாராவாரம் நீர் மாற்றும் வேகத்துக்கு அதனால் ஈடுகொடுக்க முடியாது. பவளத் துகள்களுக்கு மேற்பரப்பு அதிகம் என்பதால் வேகம் கொஞ்சம் கூடும், வரம்பு மாறாது. ஆகவே சுண்ணாம்புக்கல்லை அதன் தோற்றத்துக்காக வைத்துக்கொள்ளுங்கள், நீரைச் சரிசெய்ய வேறு வழி பாருங்கள். முதலில் உங்கள் குழாய் நீரைச் சோதியுங்கள். ஏற்கெனவே கடின நீராக இருந்தால் ஒன்றுமே செய்ய வேண்டாம். மென்னீர் என்றால் 100 லிட்டருக்கு 3 கிராம் சமையல் சோடா கார்பனேட் கடினத்தன்மையை 1 டிகிரி உயர்த்தும். ஒரே நாளில் கொட்டாமல், மாற்றும் நீரில் கலந்து சில வாரங்களில் ஏற்றுங்கள்.

அடுக்கும் முறை கையால் கற்றுக்கொள்வது, எழுத்தில் முழுதாகச் சொல்ல வராது. இருந்தாலும் சில விஷயங்கள். ஒவ்வொரு கல்லும் கீழே உள்ளவற்றை மூன்று இடங்களிலாவது தொட வேண்டும். இரண்டு இடத்தில் நிற்கும் கல் என்றைக்காவது ஆடும். வைத்த ஒவ்வொரு கல்லையும் மேலிருந்து விரலால் அழுத்தி, பக்கவாட்டில் தள்ளிப் பாருங்கள். சிறு அசைவு இருந்தாலும் எடுத்துத் திருப்பி வையுங்கள். சிறு சில்லைச் செருகி ஆட்டத்தை நிறுத்தும் வேலை வேண்டாம், ஒரு நாள் மீன் அந்தச் சில்லை வாயால் உருவிப் போட்டுவிடும். நான் தரையில் தொட்டியின் அளவுக்குச் சுண்ணக்கட்டியால் கட்டம் வரைந்து, அதற்குள் முதலில் அடுக்கிப் பார்ப்பேன். படம் எடுத்துக்கொண்டு பிறகு தொட்டிக்குள் கட்டுவேன். அரை நாள் போகும், போகட்டும். முன்கண்ணாடிக்கும் பக்கக் கண்ணாடிகளுக்கும் 6, 7 செ.மீ. இடைவெளி விடுங்கள், பாசி சுரண்டக் கை போக வேண்டுமே. பின்கண்ணாடியோடு ஒட்டலாமா என்பதில் இரு கட்சிகள் உண்டு. ஒட்டிவிட்டால் பின்னால் நீரோட்டம் போகாமல் எச்சம் சேரும். இடைவெளி விட்டால் மீனுக்கு இன்னொரு பாதை கிடைக்கும். நான் இரண்டாம் கட்சி.

பொந்துகளைப் பற்றிச் சொல்லும்போது எது உறுதி, எது ஊகம் என்று பிரித்துவிடுகிறேன். ஒரே வாசல் உள்ள குகை ஒடுங்கிய மீனுக்குப் பொறியாகிவிடும் என்பது உறுதி. அடிவாங்கிய மீன் உள்ளே போய் மாட்டிக்கொள்வதைப் பல முறை பார்த்திருக்கிறேன். எனவே ஒவ்வொரு பொந்துக்கும் இரண்டு வாசலாவது இருக்கட்டும், அதில் ஒன்று பெரிய ஆண் மீன் நுழைய முடியாத அளவில் இருந்தால் இன்னும் நல்லது. வாயில் முட்டை வைத்திருக்கும் பெண் மீன்களுக்கு அது உயிர் காக்கும் இடம். பார்வையை மறைக்கும் கற்கள் சண்டையைக் குறைக்கும் என்பதும் எனக்கு உறுதி. தொட்டியின் ஒரு மூலையிலிருந்து மறு மூலைவரை தடையின்றித் தெரிந்தால் ஒரே ஆண் மீன் முழுத் தொட்டியையும் ஆள நினைக்கும். கல்லை இரண்டு குன்றுகளாகப் பிரித்து, ஒன்றை உயரமாகவும் ஒன்றைத் தாழ்வாகவும் வைத்தால் இரண்டு ராஜாக்களாவது இருப்பார்கள். ஆனால் கல் கூடக் கூடச் சண்டை குறைந்துகொண்டே போகும் என்பது எனக்கு ஐயம். கல்லே இல்லாத தொட்டியில் நெருக்கமாக மீன் விட்டு அமைதியாக வளர்ப்பவர்களும் இருக்கிறார்கள். அங்கே பிடிக்க இடம் இல்லை, அதனால் காக்கவும் ஒன்றும் இல்லை. புது மீன் விடும்போது கற்களை மாற்றி அடுக்கினால் பழைய எல்லைகள் மறந்துபோகும் என்பார்கள். என் அனுபவத்தில் அந்த மறதி சில நாட்களுக்குத்தான்.

கற்களைச் சிலிக்கான் வைத்து ஒட்டலாமா என்று அடுத்துக் கேட்பீர்கள். ஒட்டலாம். பூஞ்சைத் தடுப்பு சேர்க்காத, மீன்தொட்டிக்கு ஏற்ற வகையாக வாங்குங்கள். கல் முழுதும் காய்ந்து, தூசி இல்லாமல் இருந்தால்தான் பிடிக்கும். ஒட்டிய பிறகு புளிப்பு வாசனை முழுதும் போகும்வரை காயவிடுங்கள், தடித்த இடங்களுக்குச் சில நாட்கள்கூட ஆகும். ஆனால் பசை இல்லாமலே நிற்கும் அடுக்கைத்தான் ஒட்ட வேண்டும். தானாக நிற்காததைப் பசையால் நிறுத்தி வைத்தால், சொரசொரப்பான கல்லிலிருந்து சிலிக்கான் ஒரு நாள் பட்டையாக உரிந்து வரும். முழு அடுக்கையும் ஒரே பாறையாக ஒட்டிவிடவும் வேண்டாம். ம்புனாவை வலையில் பிடிப்பதற்குக் கல்லை வெளியே எடுப்பதைத் தவிர வேறு வழி பெரும்பாலும் கிடையாது. எடுக்க முடியாத கல் இருந்தால் அந்த மாலைப்பொழுது மறக்க முடியாததாகிவிடும். இரண்டு மூன்று கற்கள் கொண்ட துண்டுகளாக, ஒரு ஆள் தூக்கும் கனத்தில் ஒட்டுங்கள். சிமெண்ட் வேண்டாம் என்பேன். புதுச் சிமெண்ட் வாரக்கணக்கில் காரத்தைக் கசியவிடும், பதப்படுத்தும் பொறுமை நம்மில் பலருக்கு இல்லை.

மணலுக்கு வருவோம். துகள் 0.5 முதல் 1 மி.மீ. வரை, உருண்டையாக இருந்தால் நல்லது. நீச்சல்குள வடிகட்டிகளில் போடும் மணல் இந்த அளவுக்கு அருகில் வரும், தூசியும் குறைவு. எம் சாண்ட் கல்லை நொறுக்கி எடுப்பது, துகளுக்குத் துகள் முனை இருக்கும். வாயில் அள்ளிச் செவுள் வழியே வெளியே விடும் மீன்களுக்கு அதைப் போட மனம் வரவில்லை. கடல் மணலில் உப்பும் கிளிஞ்சல் தூளும் இருக்கும், எனக்கு அது தலைவலி. பட்டாணி அளவு கூழாங்கல் பரப்பினால் மீன் தோண்டுவது குறையும், உண்மைதான். ஆனால் இடுக்குகளில் உணவு அழுகும், நடுத்தர அளவுக் கல் வாயில் மாட்டிக்கொள்ளவும் கூடும்.

உங்கள் தொட்டிக்கு 3 முதல் 4 செ.மீ. ஆழம் போதும். 120, 45, 4 மூன்றையும் பெருக்கினால் 21.6 லிட்டர். அடியில் மூன்றில் ஒரு பங்கைக் கற்கள் பிடித்துக்கொள்ளும் என்று வைத்தால் மிச்சம் ஏறக்குறைய 15 லிட்டர். உலர்ந்த மணல் லிட்டருக்கு ஒன்றரை கிலோ என்ற கணக்கில் 22, 23 கிலோ. கொஞ்சம் கூட வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். கழுவும்போது சின்னச் சின்னப் பங்காக, கால் வாளிக்கு மேல் போடாமல், குழாய் நீரை வேகமாக விட்டுக் கையால் கிளறிக் கொட்டுங்கள். பத்துப் பதினைந்து தடவை ஆகும். பொறுமை இல்லாமல் எட்டாவது தடவையிலேயே போதும் என்று நினைத்தால் மூன்று நாள் பால் நிற நீரைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும், நான் பார்த்திருக்கிறேன்.

சிலிக்கா மணல் போட்டால் பழுப்புப் பாசி வரும் என்று ஒரு பேச்சு உண்டு. அதை நான் நம்பவில்லை. குவார்ட்ஸ் நீரில் கரைவது மிகமிகக் குறைவு, புதுத் தொட்டியில் பழுப்புப் பாசி எந்த மணலிலும் வரும், தானே போய்விடும். மணலுக்கு அடியில் நச்சு வாயு சேரும் என்கிற பயத்துக்குக் கொஞ்சம் ஆதாரம் உண்டு. ஆக்சிஜன் எட்டாத ஆழத்தில் ஹைட்ரஜன் சல்ஃபைடு உருவாகும், மணல் கறுத்து அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும். ஆனால் 4 செ.மீ. மணலை நாள் முழுதும் கிளறும் மீன்களோடு அது நடப்பது அபூர்வம். கல்லுக்கு அடியிலும் பின்னாலும் சேரும் எச்சம்தான் எனக்குக் கவலை, அதற்குக் காரணம் அது அழுகும்போது உண்டாகும் அமோனியா. 25 டிகிரி வெப்பத்தில், பிஎச் 7-இல் மொத்த அமோனியாவில் நச்சு வடிவம் அரை சதவீதம் அளவுதான், பிஎச் 8.3-இல் அது 10 சதவீதம். அதாவது மென்னீர்த் தொட்டிகளில் மற்ற மீன்கள் தாங்கிக்கொள்ளும் அழுக்கு இங்கே ஆபத்தாகலாம். கல்லைப் பிரித்து மாற்றும் நாளில் அடியிலுள்ள கசடை முதலில் குழாய் வைத்து உறிஞ்சிவிட்டுத் தொடருங்கள், கிளறி நீரில் கலக்கவிடாதீர்கள்.

வெள்ளை மணலா, கறுப்பா என்பது ரசனை. வெளிர் மணலில் பல மீன்கள் தங்கள் நிறத்தை வெளிர வைத்துக்கொள்ளும், அடர் மணலில் அடர்த்தியாகக் காட்டும். நான் இரண்டுக்கும் நடுவே பழுப்பு மணல் போட்டிருக்கிறேன், எச்சமும் அவ்வளவாகக் கண்ணில் படாது.

கொட்டும் வரிசை இப்படி. கற்கள் நின்ற பிறகு, ஈர மணலைக் கிண்ணத்தால் எடுத்து இடுக்குகளில் போட்டு நிரப்புங்கள். ஒரு தட்டை மணல்மேல் வைத்து அதன்மேல் நீரை மெதுவாக ஊற்றுங்கள். நீர் தெளியும்வரை ஃபில்டரைப் போட வேண்டாம், மணல் துகள் உள்ளே போனால் சுழலியைத் தேய்த்துவிடும். உறிஞ்சும் குழாயின் வாய் மணலிலிருந்து ஒரு சாண் உயரத்தில் இருக்கட்டும். மணலுக்கு அடியில் பதிக்கும் ஃபில்டர் தோண்டும் மீன்களுக்கு ஒத்துவராது. நீர் ஊற்றும்போது எத்தனை லிட்டர் போனது என்று எண்ணிக் குறித்துக்கொள்ளுங்கள். 270 லிட்டர் என்று சொல்லும் உங்கள் தொட்டியில், கல்லும் மணலும் மேல் இடைவெளியும் போக, 210 லிட்டர் அளவுதான் நீர் இருக்கும். மருந்து போடும் நாளில் இந்த எண் தேவைப்படும்.

இதெல்லாம் ம்புனாவுக்கு. மீன் மாறினால் கணக்கும் மாறும். அதே மலாவியின் பீகாக் வகை, தலையின் அடிப்பகுதியில் உள்ள உணர்குழிகளால் மணலுக்குள் அசையும் இரையை அறிந்து பிடிக்கும். அதற்குத் திறந்த மணல்வெளி வேண்டும், ஓரத்தில் நாலைந்து கல் போதும். டாங்கனிக்காவின் சங்குவாழ் மீன்களுக்குக் கல்லே தேவையில்லை, 5, 6 செ.மீ. மணலும், மீனுக்கு இரண்டு மூன்றாக வெற்றுச் சங்குகளும் கொடுத்தால் தாங்களே ஊரைக் கட்டிக்கொள்ளும். சங்கை எப்படிச் சாய்த்துப் புதைக்கின்றன என்று பார்த்துக்கொண்டே ஞாயிற்றுக்கிழமைகளைத் தொலைத்திருக்கிறேன். ஜியோஃபேகஸுக்கு மென்மையான மணல், மென்னீர், மரக்கட்டை, சுண்ணாம்புக்கல் கூடாது. ஆஸ்கார் மாதிரி பெரிய மீன்கள் கல்லையே தள்ளி நகர்த்தும் என்று வளர்ப்பவர்கள் சொல்கிறார்கள், நண்பர் தொட்டியில் சின்னக் கல் ஒன்று இடம் மாறியதை நானும் பார்த்தேன்.

உங்கள் இடத்தில் நான் இருந்தால், 50, 60 கிலோ கருங்கல்லை இரண்டு குன்றுகளாகப் பிரித்து, உயரமானதை நீர்மட்டத்துக்கு ஒரு சாண் கீழே நிறுத்துவேன். ம்புனாக்கள் பாறையில் படரும் பாசியைச் சுரண்டித் தின்பவை, விளக்கு வெளிச்சம் படும்படி மேலே அகலமான கற்களை வைத்தால் சில மாதங்களில் அவை மேய்வதைப் பார்க்கலாம். மீன் விட்டு மூன்று வாரம் கழித்து ஒரு மாலை உட்கார்ந்து, எந்தக் கல்லுக்கு அடியில் பள்ளம் விழுந்திருக்கிறது என்று பாருங்கள். அந்தக் கல்லை விரலால் தள்ளிப் பாருங்கள். அசையாமல் இருந்தால் அப்படியே விட்டுவிடுங்கள். அசைந்தால் அன்றைக்கே, இரவு விளக்கை அணைப்பதற்கு முன், அந்தக் குன்றைப் பிரித்து மறுபடி கட்டுங்கள். அப்புறம் ஒரு படம் எடுத்துப் போடுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.